செய்ஜுன் சுசுகியின் ‘பிராண்டட் டு கில்’ (1967): முதன்முறை பார்க்கிறவர் கதையைத் தேடிக்கொண்டு போகலாமா?

இரவுக்காட்சி எழுதியது:

ஜப்பானிய இயக்குநர் செய்ஜுன் சுசுகி 1967இல் நிக்கட்சு திரைப்பட நிறுவனத்துக்காக இயக்கிய ‘பிராண்டட் டு கில்’ படத்தை முதன்முறையாகப் பார்த்து முடித்தேன். அகலத்திரையில் எடுக்கப்பட்ட, 91 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். கதையைக் கேட்டால் நான்கு வரியில் சொல்லிவிடலாம். கூலிக் கொலைகாரர்களுக்குள் ஒரு தரவரிசை இருக்கிறது. அதில் மூன்றாம் இடத்தில் இருப்பவன் கோரோ ஹனாடா. ஒரு வேலையில் அவனுக்குக் குறி தவறுகிறது. அதன்பின் அவன் தலைக்கே விலை வைக்கப்படுகிறது, முதலிடத்துக்காரன் அவனைத் தேடி வருகிறான். ஆனால் படம் ஓடும்போது இந்த நான்கு வரியைக்கூட என்னால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. யார் எங்கிருந்து சுடுகிறார்கள், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ஒரு மணி நேரம் கழிந்ததா ஒரு வாரம் கழிந்ததா, ஹனாடா இப்போது எந்த வீட்டில் இருக்கிறான் என்பதெல்லாம் அடிக்கடி கைநழுவிப் போயின. அப்படியிருந்தும் ஓரிடத்திலும் சலிப்புத் தட்டவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

என் கேள்வி இதுதான். இந்தத் துண்டு துண்டான நடை இயக்குநர் திட்டமிட்டுச் செய்ததா, அல்லது அவசரத்தில் எடுத்து ஒட்டியதைப் பிற்காலத்து ரசிகர்கள் கலையென்று கொண்டாடுகிறார்களா? முடிவு உட்பட எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசலாம். படத்தைப் பார்க்காதவர்கள் இந்த இழையைப் பிறகு வாசிப்பது நல்லது.

மூன்றாம்சுருள் எழுதியது:

நண்பரே, இரண்டும் உண்மை என்பதுதான் என் பதில். அதைச் சொல்வதற்கு அந்த நிறுவனம் எப்படி இயங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நிக்கட்சு அக்காலத்தில் இரண்டு படங்களைச் சேர்த்து ஒரே காட்சியாகத் திரையிட்டது. பெரிய நட்சத்திரம் நடித்த முதன்மைப் படத்துக்கு நாளும் பணமும் தாராளமாகக் கிடைக்கும். துணைப் படத்தைச் சில வாரங்களுக்குள், கொடுத்த கதையை வைத்து, கொடுத்த நடிகரைக் கொண்டு முடித்துத் தர வேண்டும். 1956இல் இயக்குநரான சுசுகி பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனத்துக்காக ஏறத்தாழ நாற்பது படங்களை இயக்கினார் என்றால் அந்த வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். ரவுடிக் கதைகள், துப்பாக்கிக் கதைகள், மீண்டும் ரவுடிக் கதைகள் என்று ஒரே அச்சில் வார்த்த திரைக்கதைகள்தான் அவர் கைக்கு வந்தன. அவற்றை மறுக்க முடியாத ஒப்பந்த ஊழியர் அவர். ஆகவே கதையை விட்டுவிட்டு, நிறம், அரங்க அமைப்பு, வெட்டு ஆகியவற்றில் தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டார். 1966இல் வந்த ‘டோக்கியோ டிரிஃப்டர்’ வண்ணத்தில் செய்ததை இந்தப் படம் கறுப்பு வெள்ளையில் இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோகிறது.

திரைக்கதை ஆசிரியரின் இடத்தில் ‘ஹச்சிரோ குர்யு’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு மனிதர் கிடையாது. சுசுகி, கலை இயக்குநர் தக்கேயோ கிமுரா, அட்சுஷி யமதோயா, யோசோ தனாக்கா, சூசெய் சோனே உள்ளிட்ட எட்டுப் பேர் கொண்ட குழுவின் புனைபெயர் அது. ஒருவர் ஒரு கொலையை யோசிக்க, இன்னொருவர் அதைவிட விநோதமான ஒன்றைச் சொல்ல, அப்படித் திரண்ட படம் என்பதைப் பார்க்கும்போதே உணர முடிகிறது. ‘கொலைப் பாட்டு’ என்ற பொருளில் வரும் அந்தக் கரகரத்த புளூஸ் பாடலைப் பாடியவரும் அந்த யமதோயாதான். இசையமைத்த நவோசுமி யமமோதோ பின்னாளில் ‘தோரா-சான்’ படங்களின் வழியாக ஜப்பானியக் குடும்பங்கள் அனைத்தும் அறிந்தவரானார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தின் தகவல்களை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அவசரமாக எடுத்த துணைப் படம், எட்டுப் பேர் ஆளுக்கொன்று சொல்லிச் சேர்த்த கதை, ஒரே நாளில் முடிந்த படத்தொகுப்பு என்று இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும், குழப்பம் எல்லாம் கலையுணர்வின் விளைவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு வணிகப் படத்தில் காட்சித் தொடர்ச்சி இல்லையென்றால் குறை என்கிறோம். அதே குறை வெளிநாட்டு விழாக்களில் திரையிடப்பட்ட பழைய ஜப்பானியப் படத்தில் இருந்தால் அதற்கு மேலான பெயர் ஒன்றைச் சூட்டிவிடுகிறோம். முதல் அரை மணி நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவரைக் கடற்கரையிலிருந்து நகானோவுக்குப் பத்திரமாக அழைத்துச் செல்லும் பயணத்தை மீண்டும் பாருங்கள். நான்காம் இடத்துக் கொலைகாரனும் இரண்டாம் இடத்துக் கொலைகாரனும் வந்து மடிகிறார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரிவதற்குள் அவர்கள் பிணமாகிவிடுகிறார்கள். பரபரப்புப் படத்தின் முதல் கடமையே யாருக்காகப் பதற வேண்டும் என்று பார்வையாளருக்குச் சொல்வது அல்லவா?

கறுப்புவெள்ளை எழுதியது:

தெற்குவாசல் அவர்களுக்கு ஒரு பதில் கேள்வி. அதே ஆண்டுகளில் அதே நிறுவனத்தில், அதே அளவு நாள்களிலும் பணத்திலும் இன்னும் பல இயக்குநர்கள் துணைப் படங்கள் எடுத்தார்கள். அவசரம்தான் காரணம் என்றால் அவையெல்லாம் இப்படித்தானே இருந்திருக்க வேண்டும்? அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காகக் கதை சொல்லிக்கொண்டு போகின்றன. அவசரமாக வேலை செய்பவர் வழக்கத்தைத்தான் கட்டிப் பிடித்துக்கொள்வார். அறைக்குள் நுழைவதைக் காட்டுவார், உட்காருவதைக் காட்டுவார், பேசுவதைக் காட்டுவார். படத்தொகுப்பு ஒரே நாளில் முடிந்தது என்பதற்கும் வேறு பொருள் உண்டு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலைந்து கோணங்களில் எடுத்துக் குவிக்காமல், தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து அதை மட்டும் எடுத்தவரால்தான் தொகுப்பை ஒரு நாளில் முடிக்க முடியும்.

சுசுகி நீக்குவது எதை என்று கவனித்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓர் ஆள் எப்படிப் போனான் என்பதைத்தான் அவர் பெரும்பாலும் வெட்டி எறிகிறார். ஹனாடாவுக்குக் கும்பல் தலைவன் யபுஹாரா தரும் அடுத்தடுத்த வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட் லைட்டர் விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட ராட்சதப் பலகை ஒன்று இருக்கிறது. அதிலுள்ள லைட்டரின் மூடி இயந்திரத்தால் திறந்து மூடுகிறது. திறக்கும் அந்த ஒரு கணத்தில் அதன் பின்னாலிருந்து சுடுகிறான். அடுத்து ஒரு கண் மருத்துவர். அவர் தண்ணீர்த் தொட்டிக்குமேல் குனிகிறார். கீழ்த்தளத்தில் இருக்கும் ஹனாடா கழிவுநீர்க் குழாயைத் திறந்து அதன் வழியாகவே மேல்நோக்கிச் சுடுகிறான். மூன்றாவது ஆளை அவனுடைய அலுவலகத்திலேயே தீர்த்துவிட்டுச் சன்னல் வழியே பாய்கிறான். வானில் மிதக்கும் விளம்பர பலூன் அவனைத் தாங்கிக்கொள்கிறது. வேறொரு இயக்குநராக இருந்தால் உளவு பார்ப்பது, திட்டமிடுவது, கட்டடத்துக்குள் நுழைவது, தப்புவது என்று ஒவ்வொரு கொலைக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருப்பார். இங்கே மூன்றும் சேர்ந்தே சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. கொலைகாரனுக்கு அந்தக் கணங்கள் மட்டும்தான் கணக்கு என்பதால், நமக்கும் அவற்றை மட்டுமே காட்டுகிறார். ஜிம் ஜார்முஷ் 1999இல் எடுத்த ‘கோஸ்ட் டாக்’ படத்தில் அந்தக் குழாய்க் கொலையை அப்படியே எடுத்தாண்டிருக்கிறார் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அதை நிதானமாக, முறைப்படி நடத்திக் காட்டுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சுசுகி விட்டுவிட்டது என்னென்ன என்பது பளிச்சென்று தெரியும்.

இதே முறை குறி தவறும் காட்சியில் எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. ஹனாடா வெளிநாட்டுக்காரன் ஒருவனைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிக் குழலின் மீது ஒரு பட்டாம்பூச்சி வந்து அமர்கிறது. குண்டு சம்பந்தமில்லாத ஒருவர் மீது பாய்கிறது. கணத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவனுக்கு ஒரு கணம் பிசகிவிடுகிறது. அந்த இடம் வரை வேகமாக ஓடிய படம் அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்து, அறைகளுக்குள் அடைபட்டு, சுவரில் முட்டிக்கொள்ளத் தொடங்குவதைக் கவனியுங்கள்.

பனங்கருப்பட்டி எழுதியது:

கொலைகளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். சோற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. ஹனாடாவுக்கு அரிசி வேகும் வாசனை வந்தால்தான் காமம் எழுகிறது. வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பார்த்து அவன் முதலில் கேட்பதே சோறு ஆக்கச் சொல்லித்தான். ஆவி பறக்கும் பானையை முகத்தருகே வைத்து மூச்சிழுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறான். எரிவாயுவில் இயங்கும் சோறு ஆக்கும் கருவி ஒன்றை விளம்பரத்துக்காகப் படத்தில் காட்ட வேண்டியிருந்ததென்றும், சுசுகி அதை இப்படிப் பயன்படுத்திக்கொண்டாரென்றும் சொல்வார்கள். விளம்பரம் கொடுத்தவர்கள் திரையரங்கில் என்ன முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

மேற்கத்திய விமர்சகர்கள் இதை ஒரு வக்கிரம் என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு இது வேறு மாதிரி வேலை செய்கிறது. உலை கொதிக்கிற வாசனை என்றால் நமக்குப் பசி, அம்மா, வீடு என்ற வரிசையில்தான் நினைவு ஓடும். அந்த வரிசையில் உள்ள பாதுகாப்பான ஒன்றை எடுத்து, கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு கொலைகாரனின் படுக்கையறையில் கொண்டுவைக்கிறார் சுசுகி. பரபரப்புப் பட நாயகனின் கையில் வழக்கமாக இருப்பது மேல்நாட்டு மது. இவன் கையில் இருப்பதோ சோற்றுப்பானை. அமெரிக்கப் படங்களிலிருந்து இரவல் வாங்கிய கோட்டும் துப்பாக்கியும் மாட்டிக்கொண்டு நின்ற நிக்கட்சு நாயகர்கள் அத்தனை பேரையும் அந்த ஒரு பானை கேலி செய்துவிடுகிறது.

ஹனாடாவாக நடித்த ஜோ ஷிஷிடோவின் முகமும் இந்தக் கேலிக்குத் துணை நிற்கிறது. இளம் நடிகராக இருந்தபோது, 1957இல், அறுவை சிகிச்சை செய்து கன்னங்களை உப்பவைத்துக்கொண்டவர் அவர். அந்த உப்பிய கன்னங்களோடு அவர் முறைக்கும்போது மிரட்டலும் சிரிப்பும் ஒன்றாகவே வருகின்றன.

இரவுக்காட்சி எழுதியது:

சோற்றைப் பற்றிய குறிப்புக்கு நன்றி. அந்த இடங்களில் சிரிக்கலாமா என்று தயங்கிக்கொண்டே பார்த்தேன். மிசாகோவைப் பற்றி யாராவது விரிவாக எழுத முடியுமா? மழையில் மேற்கூரை திறந்த காரில், முழுக்க நனைந்தபடி, முன்கண்ணாடியருகே செத்த பறவையொன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறாள். சாவதுதான் தன் கனவு என்கிறாள். அவளுடைய அறைச் சுவர் முழுவதும் ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள். அவள் ஒரு பாத்திரமா, ஹனாடாவின் மனமயக்கமா என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

கறுப்புவெள்ளை எழுதியது:

மிசாகோவாக நடித்த அன்னு மாரியின் தந்தை இந்தியர், தாய் ஜப்பானியர். அந்தக் காலத்து நிக்கட்சு நாயகிகளின் வரிசையில் அவருடைய முகமும் விழிகளும் தனித்து நிற்பதைச் சுசுகி நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். இமைக்காமல், சிரிக்காமல், ஒரே குரலில் அவர் பேசும்போது படத்தின் வேகமே மாறிவிடுகிறது.

அவள் மனமயக்கமா என்ற கேள்விக்குப் படம் ஒரே பதிலைத் தருவதில்லை. கதையளவில் அவள் இருக்கிறாள். வெளிநாட்டுக்காரனைக் கொல்லும் வேலையைக் கொண்டுவருபவளும் அவள்தான். ஆனால் அவள்மீது பித்தேறி ஹனாடா தெருவில் அலையும்போது, படச்சுருளின் மீதே வரைந்ததுபோல வெள்ளைக் கோடுகளில் மழையும் பறவையும் பட்டாம்பூச்சியும் திரையை நிறைக்கின்றன. நடிகரின் முகத்தை வைத்துக் காட்டக்கூடிய தவிப்பை ஒரு கேலிச்சித்திரக்காரரைப்போலக் கோடுகளால் காட்டுகிறார். இது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர் கஸுவே நகட்சுக்கா ஏற்கெனவே நிழலையும் வெளிச்சத்தையும் வைத்துச் செய்துவிட்டதை அந்தக் கோடுகள் இன்னொருமுறை உரக்கச் சொல்கின்றன.

தெற்குவாசல் எழுதியது:

அவசரத்தைப் பற்றிய பதிலில் நியாயம் இருக்கிறது. அதை மேலும் நீட்டிக்க நான் விரும்பவில்லை. ஆனால் பெண்களைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் எனக்கு உள்ள பெரிய தடையைச் சொல்லிவிடுகிறேன். ஹனாடாவின் மனைவி மாமி படம் முழுக்க ஏறக்குறைய ஆடையின்றியே நடமாடுகிறாள், அடிபடுகிறாள், துரோகம் செய்கிறாள், இறுதியில் கழிப்பறையில் வைத்துச் சுடப்படுகிறாள். அவளுடைய தலைமுடி கழிப்பறைத் தொட்டியின் நீரில் சுழல்வதை அழகான சட்டகமாக நம்முன் வைக்கிறார்கள். மிசாகோவுக்கும் சித்திரவதைதான், அதுவும் ஹனாடாவுக்குத் திரையிட்டுக் காட்டப்படும் ஒரு படத்துண்டாக. ‘அக்காலத்து வழக்கம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஏனெனில் மற்ற எல்லா வழக்கங்களையும் கவிழ்த்துப்போட்டவர் என்றுதானே இவரைப் புகழ்கிறோம்? இந்த ஒன்றை மட்டும் அவர் கவிழ்க்கவில்லை.

பனங்கருப்பட்டி எழுதியது:

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மாமியாக நடித்த மரிகோ ஒகாவா அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கும் பைத்தியக்காரத்தனமான உற்சாகம் திரைக்கதை அவளுக்குத் தந்ததைவிட மிக அதிகம். யபுஹாராவின் ரகசியங்களை அவள் கடைசியாக உளறிக் கொட்டும் இடத்தில்தான் வைரக் கடத்தல், கொல்லப்பட்ட மூவரும் அதில் கையாடல் செய்தவர்கள், வெளிநாட்டுக்காரன் அதை விசாரிக்க வந்தவன் என்று கதை முழுவதும் வெளிவருகிறது. கதையை விளக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டு உடனே அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அந்த அழுகைக்கும் அலறலுக்கும் நடுவே அந்த விளக்கத்தை முதல் பார்வையிலேயே பிடித்துக்கொண்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

மூன்றாம்சுருள் எழுதியது:

படம் வெளிவந்த பின் நடந்ததையும் இங்கே பதிந்துவைக்கிறேன். இரவுக்காட்சி அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு அதுவும் ஒருவகையில் சான்று. 1967 ஜூன் மாதம் படம் வெளியானது, வசூல் சரியில்லை. நிறுவனத் தலைவர் கியுசாக்கு ஹோரி கடும் சினம் கொண்டார். புரியாத படங்களை எடுக்கிறார், அவை காசு கொண்டுவருவதில்லை என்பதே அவரது குற்றச்சாட்டு. 1968 ஏப்ரலில் சுசுகியின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. ஒரு திரைப்படக் கழகம் அவருடைய படங்களைத் தொடர்ச்சியாகத் திரையிடத் திட்டமிட்டிருந்தது. அதற்குப் பிரதிகளைத் தரவும் நிறுவனம் மறுத்துவிட்டது. ஒப்பந்த ஊழியர் ஒருவர் முதலாளியை எதிர்த்து வழக்குத் தொடுப்பது அன்றைய ஜப்பானியத் திரையுலகில் நடக்காத காரியம், அவர் தொடுத்தார். மாணவர்களும் விமர்சகர்களும் சக இயக்குநர்களும் அவருக்காகத் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். 1968இல் டோக்கியோவின் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்த சூழலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வழக்கு 1971 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. பத்து லட்சம் யென்னும் ஒரு மன்னிப்பும் கிடைத்தன. ஆனால் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் கதவைச் சாத்திக்கொண்டதால், 1977 வரை அவரால் திரைப்படம் எதையும் இயக்க முடியவில்லை. நாற்பத்து நான்கு வயதில், வேலையில் தேர்ந்து நின்ற காலத்தில், பத்தாண்டுகள் பறிபோயின. 1980இல் வந்த ‘ஸிகாய்னர்வைஸன்’ தான் அவரை மீண்டும் நிலைநிறுத்தியது. 2017 பிப்ரவரியில் 93 வயதில் மறைந்தார். அதே நிறுவனம் பிற்பாடு இந்தப் படத்தைப் புதுப்பிக்க, அந்தப் பிரதி 2022 வெனிஸ் விழாவில் சிறந்த மீட்டெடுப்புக்கான விருதைப் பெற்றது. ஹோரி அதைப் பார்க்க உயிரோடு இல்லை என்பது எனக்குச் சற்று வருத்தம்தான்.

இரவுக்காட்சி எழுதியது:

நீங்கள் அனைவரும் எழுதியதை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் திரும்பப் பார்த்தேன். முதலிடத்துக்காரன் ஹனாடாவின் அறைக்கே வந்து குடியேறும் பகுதி இப்போது எனக்குப் படத்தின் உச்சமாகத் தோன்றுகிறது. ஒருவரையொருவர் கொல்லப்போகும் இரண்டு பேர் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள்; கைகோத்தபடி சாப்பிடப் போகிறார்கள்; ஒருவர் கழிப்பறைக்குப் போனாலும் இன்னொருவர் விடுவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான் முதலிடத்துக்காரன். பார்வையை விலக்கக் கூடாதென்று உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறான், அதைத் தொழில் நெறி என்றும் பெருமையாகச் சொல்கிறான். கோஜி நன்பாரா இதையெல்லாம் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் நிதானத்தோடு செய்கிறார். முதலிடம் என்பது இதுதான் என்றால் அதற்கு ஏன் ஹனாடா இப்படி ஏங்குகிறான்?

கறுப்புவெள்ளை எழுதியது:

அந்தக் கேள்வியை ஹனாடா ஒருமுறைகூடத் தன்னிடம் கேட்டுக்கொள்வதில்லை. கடைசிக் காட்சி அதனால்தான் அப்படி முடிகிறது. வெறிச்சோடிய உள்ளரங்கில், குத்துச்சண்டை மேடைமேல், நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு அவன் காத்திருக்கிறான். எதிராளி எப்போதும் நெற்றிக்குத்தான் குறிவைப்பான் என்று யபுஹாராவின் பிணத்தைப் பார்த்து அவன் அறிந்துகொண்ட ஒன்று அங்கே உயிர் காக்கிறது. கதை தொடர்ச்சியில்லாதது என்று சொல்பவர்கள் இந்த முடிச்சைக் கவனிக்க வேண்டும். காரணமும் விளைவும் படத்தில் இருக்கின்றன, அவற்றைச் சுட்டிக்காட்டும் விரல்தான் இல்லை. எதிராளி வீழ்கிறான். இருட்டில் இன்னோர் உருவம் வருகிறது. யாரென்று பார்க்காமலே ஹனாடா சுடுகிறான், வந்தவள் மிசாகோ. அவனோ ‘நான்தான் முதலிடம்’ என்று கத்திக்கொண்டே மேடையிலிருந்து கீழே விழுகிறான்.

தெற்குவாசல் எழுதியது:

நெற்றிப்பட்டையைப் பற்றிய குறிப்பை ஏற்கிறேன். அதை நான் கவனிக்கவில்லைதான். இருந்தாலும் முதன்முறை இந்த இயக்குநரிடம் வருகிறவருக்கு இந்தப் படத்தைக் கொடுக்க மாட்டேன். ‘டோக்கியோ டிரிஃப்டர்’ படத்தில் பாட்டு இருக்கிறது, வண்ணம் இருக்கிறது, யார் நல்லவன் என்று தெரிகிறது. அங்கே தொடங்கிவிட்டு இங்கே வரலாம்.

மூன்றாம்சுருள் எழுதியது:

நான் எதிராகத்தான் சொல்வேன். அதை முதலில் பார்த்தவர்கள் இதிலும் பாட்டையும் வண்ணத்தையும் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். இதையே முதலில் பாருங்கள். பார்க்கும்போது பெயர்களை மனப்பாடம் செய்ய முயலாமல், ஒவ்வொருவருடைய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹனாடாவும் அதைத்தான் செய்கிறான். இரண்டையும் பார்த்து முடித்தவர்கள் 2001இல் சுசுகியே இதே தரவரிசைக் கதையைப் பெண் கொலையாளி ஒருத்தியை வைத்து வண்ணத்தில் எடுத்த ‘பிஸ்டல் ஓபரா’ படத்துக்குப் போகலாம். அதற்குத் தனி இழை ஒன்றை இரவுக்காட்சி அவர்களே தொடங்கட்டும்.